படத்தில் இதை எப்படிப் பார்த்திருக்கிறீர்கள்?

எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் போன மாதம் பெரிய சண்டை. ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். மரியாதையா, மறதியா தெரியவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சண்டைக்குக் காரணம் ஒரு புதுப் படம். தீராத நோயில் படுத்திருக்கும் மனைவிக்குக் கணவனே ஊசி போட்டு உயிரைப் போக்கிவிடுகிறானாம். பின்னணியில் வயலின். பாதிப் பேர் அழுது தீர்த்ததாக எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் இதையெல்லாம் எப்படிக் காட்டலாம் என்று கோபப்பட்டிருந்தார்கள். அதன் நடுவில் புதிதாகச் சேர்ந்த தாதி ஒருத்தி என் பெயரைக் குறிப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "சிஸ்டர், பம்ப் வைக்கப் போற வீட்ல எல்லாம் மொதல்ல படத்தப் பத்திக் கேக்கச் சொல்றாங்களே, அத யாரு ஆரம்பிச்சது? ஏன்?"

வெளியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீட்டில் இருந்தபடியே கடைசி நாட்களைக் கழிக்க விரும்பும் நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் குழுவின் வேலை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சிகாமட், லாபிஸ் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளும் தோட்டங்களும் கம்பத்துக் கிராமங்களும்தான் எங்கள் வட்டாரம். மாத்திரையை விழுங்க முடியாதவர்களுக்கு மோர்ஃபின் மருந்தை ஒரு சின்னப் பம்ப் வழியாகச் செலுத்துவோம். அதை முதன்முதலாக வைப்பதற்கு முன், குடும்பத்தாரை உட்காரவைத்து, "படத்துல இத எப்படிப் பாத்திருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். மலாய் வீடானால் மலாயில், சீன வீடானால் அவர்களுக்குத் தெரிந்த மொழியில். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பையைத் திறக்கக் கூடாது. இது எங்கள் குழுவின் சட்டம். வேறு எந்த ஊரிலும் இப்படிக் கேட்பதாக நான் கேள்விப்படவில்லை.

குரல் பதிவில் பதில் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். என் கணவர் எதிரில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படங்களுக்கு எதிரி இல்லை. தமிழ்ப் படம் எது வந்தாலும் பார்க்கிறவள். அழுகைப் படம் என்றால் துண்டோடு உட்காருவேன். ஆனால் மருத்துவமனைக் காட்சி வந்துவிட்டால் எனக்குப் பொறுக்காது. ஆக்ஸிஜன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துவிட்டு வசனம் பேசுவார்கள். யாராவது ஒரு வயரைப் பிடுங்கினால் உடனே திரையில் நேர்கோடு ஓடும். டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுவார். "கருணை" என்ற சொல்லை எழுதிவிட்டால் போதும், நோயாளிக்கு வலி மருந்து கொடுக்க வேண்டும் என்பது அந்தப் படத்தில் ஒருவருக்கும் தோன்றாது. வலியில் துடிப்பது, இல்லையென்றால் சாவது. நடுவில் ஒன்றுமே கிடையாது. "வலிக்கு ஏதாச்சும் குடுங்களேன்லா" என்று நான் தொலைக்காட்சியைத் திட்டுவேன். என் கணவர் ஒலியைக் கூட்டுவார்.

நான் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ஜொகூர் பாருவில் தாதிப் பயிற்சி, பிறகு அறுவைச் சிகிச்சை வார்டில் பல வருடங்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், திட்டு வாங்கினோம், கால் வீங்கியது. சிகாமட்டுக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் டாக்டர் ரொஹானாவைச் சந்தித்தேன். இந்த வீட்டுச் சிகிச்சைக் குழுவை அவர்தான் ஆரம்பித்தார். என்னைக் கூப்பிட்டபோது நான் யோசித்தேன். சாகிறவர்களோடு வேலையா என்று. அவர் மலாயில் சொன்னார்: "சாகிற வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் வலியைப் பார்ப்போம்."

டாக்டர் குள்ளமானவர், மெதுவாகப் பேசுகிறவர், பையில் எப்போதும் குரோப்போக் என்ற மீன் அப்பளம் வைத்திருப்பார். காடியில், அதாவது காரில், போகும்போது அதை நொறுக்கிக்கொண்டே நோயாளிகளைப் பற்றிப் பேசுவார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் வேறு ஆள். நின்றுகொண்டு பேசவே மாட்டார். நாற்காலி இல்லை என்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொள்வார். அவர் முகம் நோயாளியின் முகத்துக்குக் கீழே இருக்க வேண்டும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கவே கூடாது என்பார். நம் ஆட்கள் அதற்கு நல்லா இருக்கேன் என்றுதான் பதில் சொல்வார்கள், எலும்பு முறிந்திருந்தாலும். எங்கே வலிக்கிறது, ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள், கடைசியாக எப்போது வெளிக்குப் போனீர்கள், இப்படித்தான் கேட்க வேண்டும்.

மோர்ஃபின் எழுதினால் அதற்குக் கீழேயே மலமிளக்கியையும் எழுதிவிடுவார். மறந்த இளம் டாக்டர்களை அவர் ஒன்றும் திட்டமாட்டார். "அப்படியானால் நாளைக்கு நீங்களே போய்க் கையால் எடுத்துவிடுங்கள்" என்பார். அடுத்த முறை அவர்கள் மறக்கவில்லை. மோர்ஃபின் சாப்பிட்டால் மலச்சிக்கல் வரும் என்று நான் பார்த்த எந்தப் படமும் காட்டியதில்லை. கதாநாயகனுக்கு அது நன்றாக இருக்காது போலும்.

நோயாளியோ குடும்பமோ, என்னை முடித்துவிடுங்கள், அவரை அனுப்பிவிடுங்கள் என்று கேட்டால் என்ன செய்வது? மற்றவர்கள் "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைப்பார்கள். டாக்டர் ரொஹானா இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்வார். "எது தாங்க முடியவில்லை?" என்று கேட்பார். கேட்டுவிட்டு எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். வலி என்பார்கள், மூச்சு என்பார்கள், நாற்றம் என்பார்கள், மருமகள் கழுவிவிடுவது வெட்கமாக இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அதில் ஏதாவது ஒன்றை எங்களால் சரிசெய்ய முடியும்.

எல்லாம் இல்லை. லாயாங் லாயாங் என்ற ஊரில் ஓர் அம்மாவுக்கு நரம்பு நோய். கை கால் போய்விட்டது, புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. வலியே இல்லை. "போதும் டாக்டர், அவ்வளவுதான். எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கறது எனக்குப் பிடிக்கல" என்றார். எங்கள் நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. எங்கள் பையிலும் அதற்கு மருந்து இல்லை. கடைசி வரை போய்க்கொண்டே இருந்தோம், அவரும் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். வெளிநாடுகளில் இதற்குச் சட்டம் வைத்திருப்பதைக் காட்டும் படங்களும் உண்டு. நோயாளியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, யோசிக்கச் சொல்லி, மறுபடி கேட்பார்கள். அந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது நான் யாரையும் திட்டுவதில்லை. அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பேன்.

இனி அந்தப் பழக்கம் வந்த கதை.

லாபிஸில் வேலாயுதம் என்று ஒருவர். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். மனைவி இறந்து பல வருடம். ஒரே மகன் சரவணன், நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவன், அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக அதை விட்டுவிட்டு வந்திருந்தான். தாமான் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர் மட்டும். ஆனால் வீடு அவ்வளவு சுத்தம். சோறு குழையாமல் வடித்திருப்பான். தகப்பனும் மகனும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது மட்டும் ரொம்பக் குறைவு. சண்டை எல்லாம் இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

வேலாயுதத்துக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. படுத்தால் வலி, உட்கார்ந்தால் வலி. ஏதோ மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள், எல்லாவற்றையும் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் முதல் முறை போனபோது தொலைக்காட்சியைத் தெருமுனை வரை கேட்கும்படி வைத்திருந்தார். குறைக்கச் சொன்னேன், குறைக்க விடவில்லை. டாக்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்தார். வலி வரும்போதெல்லாம் வேலாயுதம் ரிமோட்டை அழுத்தி ஒலியைக் கூட்டுகிறார் என்பதை டாக்டர்தான் கண்டுபிடித்தார். தான் கத்துவது மகன் காதில் விழக் கூடாதாம். மகனுக்கோ எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்காதது போலச் சமையலறையில் நின்றிருந்தான்.

நாங்கள் கிளம்பும்போது சரவணன் காடி வரைக்கும் கூடவே வந்தான். ரொம்பத் தயங்கி, அப்பாவுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட முடியுமா என்று கேட்டான். டாக்டர் அதிரவில்லை. அங்கேயே வாசல் திண்டில் உட்கார்ந்து அவனையும் உட்காரச் சொன்னார். எது தாங்க முடியவில்லை என்று கேட்டார். "அந்தச் சத்தம்" என்று மட்டும் சொன்னான். டாக்டர் நேராகவே பதில் சொன்னார். உயிரைப் போக்க எங்களால் முடியாது, சட்டமும் இல்லை, நாங்களும் செய்யமாட்டோம். ஆனால் வலியை நிறுத்த முடியும். நாளைக்கு மிஸ்ஸி ஒரு பம்ப் கொண்டுவருவார் என்று என்னைக் காட்டினார்; தாதியை இங்கே மிஸ்ஸி என்பார்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். அவனுக்கு மலாய் நன்றாகவே தெரியும், இருந்தாலும் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

மறுநாள் நான் மட்டும் போனேன். பம்ப் வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மருந்தை இரண்டு பேர் பார்த்து, அளவைச் சத்தமாகப் படித்து, பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வருவோம். சிரிஞ்சில் நாள் முழுவதுக்குமான மருந்தை நிரப்பி, பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியில் வைத்துவிட்டால், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மெல்லிய குழாயின் முனையில் உள்ள ஊசியை நெஞ்சுத் தோலுக்கு அடியில் செருகி, மேலே ஒட்டுப்போட வேண்டும். வலி அடங்கியதும் நிறையத் தூங்குவார், வாரக்கணக்கில் தூங்காதவர், பயப்பட வேண்டாம், காலையில் எழுந்துவிடுவார் என்று சொன்னேன். சரவணன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். வீட்டு வாசலில் காய்த்த ரம்புத்தான் பழத்தை ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். நன்றியுள்ள பிள்ளை என்று வழி முழுக்கப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து நானும் என் கணவரும் முழுப் பையையும் தின்றோம். நல்ல இனிப்பு.

அடுத்த நாள் காலை சிரிஞ்சு மாற்றப் போனேன். தெருவில் காடி நிறுத்த இடமில்லை. வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. செருப்புகளைத் தாண்டிப் போவதே கஷ்டமாக இருந்தது. ஒரே ராத்திரியில் போய்விட்டாரா, அளவில் ஏதாவது தவறா என்று மனத்துக்குள் நேற்றைய கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள். அழுதுகொண்டிருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் அஞ்சலை, வேலாயுதத்தின் தங்கை, குளுவாங்கிலிருந்து முந்தின சாயங்காலமே ரயிலேறி வந்திருந்தவர், எழுந்து வந்து என் காதோடு கேட்டார்.

"மருந்து சரியா ஏறலையா மிஸ்ஸி?"

எனக்குப் புரியவில்லை. அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் வேலாயுதம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கோப்பி. முகம் மழித்தது போல் தெளிவாக இருந்தது. தொலைக்காட்சியை அணைத்திருந்தார்.

"வாங்க மிஸ்ஸி," என்றார். "பசியாறியாச்சா? யாரு வீட்டுல விசேஷம்? எல்லாரும் வந்திருக்காங்க."

அப்போதுதான் அந்த அம்மாள் கேட்டதன் அர்த்தம் என் மண்டையில் ஏறியது. பையை அங்கேயே வைத்துவிட்டுச் சரவணனைத் தேடிக்கொண்டு போனேன். பின்கட்டில் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் மரியாதை எல்லாம் போய்விட்டது. டாக்டர் முடியாதுன்னு சொன்னாங்களா இல்லையா, நான் தமிழ்ல சொன்னேனா இல்லையா என்று கேட்டேன்.

"சொன்னீங்க மிஸ்ஸி," என்றான். "படத்துலல்லாம் அப்படித்தானே. டாக்டர் வெளிய வந்து சட்டம் இல்ல, முடியாதும்பாரு. அப்புறம் சத்தமில்லாம செஞ்சிடுவாரு. வெளிய சொல்லித்தானே ஆகணும்னு நெனச்சேன். நீங்க மறுநாளே பொட்டிய கொண்டு வந்தீங்க."

நான் கிளம்பியதும் அவன் உறவினர் எல்லாருக்கும் போன் செய்துவிட்டான். அப்பா தூங்கத் தூங்க ஒவ்வொருவராக வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விடியும்போதே கூடாரக்காரரை வரவழைத்துவிட்டார். இறந்தவர் ஏழு மணிக்கு எழுந்து, வாய் கசக்கிறது, பால் இல்லாமல் ஒரு கோப்பி ஓ போடு என்றாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது. அதைவிட அந்த ரம்புத்தான்தான் தொண்டையில் வந்து நின்றது. ஒரு ராத்திரி முழுக்க அந்தக் குடும்பம் என்னைக் கொலைகாரி என்று நினைத்து நன்றியோடு இருந்திருக்கிறது. நான் அதற்கான கூலியைக் கணவரோடு உட்கார்ந்து உரித்துத் தின்றிருக்கிறேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அன்றே வந்தார். போட்ட கூடாரத்தை வீணாக்காமல் எல்லாரையும் அதன் கீழ் உட்காரவைத்தார். தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பம்ப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவரவர் பார்த்த படங்களைப் பற்றிக் கேட்டார். ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊசியைத் தட்டினால் குமிழி வரும், பிறகு கண் மூடும். மோர்ஃபின் என்றால் கடைசி மருந்து. வீட்டுக்கு டாக்டர் வந்தாலே முடிந்தது. ஒவ்வொன்றையும் மறுக்காமல் கேட்டுவிட்டு, ஒரு பழைய பம்ப்பைப் பிரித்து அஞ்சலை அம்மாள் கையில் கொடுத்தார். மருந்து எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று அந்த அம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "இது ஆமை மாதிரி இல்ல போகுது," என்றார். திரும்பும் வழியில் டாக்டர் குரோப்போக்கைத் தொடவே இல்லை. "நாம் எப்போதும் மருந்தைப் பற்றித்தான் விளக்குகிறோம்," என்றார். "அவர்கள் ஏற்கெனவே வேறொரு விளக்கத்தைப் பார்த்து முடித்திருக்கிறார்கள். இனி அதை முதலில் கேட்போம்." பழக்கம் வந்த கதை இவ்வளவுதான்.

ஆனால் அந்த வீட்டில் கதை முடியவில்லை. இத்தனை பேர் வந்ததற்குக் காரணத்தைக் கேட்காமல் இருக்க வேலாயுதம் குழந்தை இல்லை. உறவினர்கள் கலைந்தார்கள். அஞ்சலை அம்மாள் மட்டும் தங்கிவிட்டார். அடுத்தடுத்து நான் போன நாட்களில் சரவணன் அப்பாவின் அறைக்குள் கால் வைக்கவே இல்லை. சமைப்பான், துவைப்பான், கஞ்சியைக் கரைத்து அத்தையிடம் கொடுத்தனுப்புவான். நான் வந்தால் வாசலில் காடி கழுவுவான். எவ்வளவு அழுக்கில்லாத காடி அது.

ஒரு நாள் நெஞ்சில் இருந்த ஒட்டுப்பட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது வேலாயுதம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஊசி போடச் சொல்லி அவன் கேட்டானா மிஸ்ஸி?"

நோயாளியிடம் பொய் சொல்லக் கூடாது என்பது டாக்டரின் சட்டம். இன்னொருவர் வாயில் இருக்கும் சொல்லை எடுத்து நாம் சொல்லக் கூடாது என்பதும் அவருடைய சட்டம்தான். இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். "அத நீங்க அவர்கிட்டயே கேளுங்க" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார். கேட்க அவன் வந்தால்தானே என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அன்று உண்மையிலேயே பயமாக இருந்தது. வலி அடங்கிவிட்டது, அவருக்குச் சில வாரங்களாவது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வாரங்கள் இப்படியே, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் தீர்ந்துபோனால், அவன் ஆயுள் முழுக்க எந்தப் பம்ப்பும் எட்டாத ஒன்றைச் சுமந்துகொண்டு திரிவான்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை தானும் வந்தார். வேலாயுதத்தைப் பரிசோதிக்க வேண்டும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும் என்றார். நான் முன்னால் போனேன். என்னைக் கையால் தடுத்தார். தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தனக்கு இடுப்பு வலி என்றார். மிஸ்ஸிக்கும் இடுப்பு வலி என்றார். எனக்கு அதுவரை தெரியாத செய்தி. அஞ்சலை அம்மாளுக்கு வயதாகிவிட்டது என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "சரவணன், தூக்க ஆள் இல்லை, வா" என்று கூப்பிட்டார்.

அவன் வந்தான். தலையைத் தூக்கவே இல்லை. எங்கள் முறைப்படி தூக்கச் சொல்லிக்கொடுத்தேன். நோயாளியின் கைகள் தூக்குகிறவரின் கழுத்தைச் சுற்றி இருக்க வேண்டும், தூக்குகிறவர் அவரது முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும், முழங்காலை மடித்து மெதுவாக எழ வேண்டும். வேலாயுதம் மகனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். தூக்கிய பிறகு விடவில்லை. அப்படியே நின்றார்கள்.

"நீ கேட்டியாடா?" என்றார்.

"கேட்டேம்ப்பா."

"ஏன்?"

"நீங்க கத்துறது கேட்டுச்சு. டிவி சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சு. எனக்கு வேற வழி தெரியல."

நான் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் பம்ப்பின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலாயுதம் சொன்னார்: "நானே உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். புள்ளகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு வாய் வரல."

சரவணனின் தோள் குலுங்கியது. "இப்ப?" என்று கேட்டான். கேட்கக் கூடாததைத்தான் கேட்டான். ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது போலும்.

"இப்ப வேணாம்டா," என்றார் அவர். "இப்பத்தான் வலி இல்லையே. மெதுவா உக்கார வை, மிஸ்ஸி பாக்கறாங்க."

படமாக இருந்தால் அங்கேயே பாட்டு வந்திருக்கும். இங்கே டாக்டர் மலச்சிக்கலைப் பற்றி விசாரித்தார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் என் வேலை வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள். வாந்தி நின்றது, பம்ப்பைக் கழற்றிவிட்டு வாயால் குடிக்கும் மோர்ஃபினுக்கு மாற்றினோம். அளவுக் குவளையில் ஊற்றி, நேரம் தவறாமல் கொடுப்பதைச் சரவணன் ஏற்றுக்கொண்டான். என்னைவிட ஒழுங்கு. வேலாயுதம் முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற லோரிகளின் சத்தத்தை வைத்தே கியர் பாக்ஸில் என்ன கோளாறு என்று சொல்வார். சாயங்காலங்களில் தகப்பனும் மகனும் படம் பார்ப்பார்கள். ஒரு முறை நான் போனபோது, மார்பில் குண்டு பாய்ந்த கதாநாயகன் நண்பனின் மடியில் படுத்து நெடுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தான். வேலாயுதம் ஆர்வமாகப் பார்த்துவிட்டு, "இவனுக்கு நம்ம மருந்து குடுத்திருக்காங்கடா," என்றார். சரவணன் சிரித்த சிரிப்பில் குவளையைக் கீழே போட்டுவிட்டான். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

இதில் எங்கள் திறமை பாதிதான். மருந்து அவருக்கு நன்றாகப் பிடித்தது, எல்லாருக்கும் அப்படிப் பிடிப்பதில்லை. ஒருவருடைய கதையை வைத்துக்கொண்டு உலகத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இப்படியும் நடக்கிறது, இதையும் யாராவது படமாக எடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஓடாது என்பது எனக்கும் தெரியும்.

மழைக்காலம் தொடங்கும்போது அவர் உடல்நிலை இறங்கத் தொடங்கியது. விழுங்க முடியவில்லை. இந்த முறை சரவணனே போன் செய்து, மறுபடி பம்ப் வைக்க வேண்டியிருக்கும் மிஸ்ஸி என்றான். நான் போனபோது, இடையில் ஊருக்குப் போயிருந்த அஞ்சலை அம்மாள் திரும்பி வந்திருந்தார். கூடாரம் இல்லை. ஊசி செருகும்போது சரவணன் அப்பாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, இது வலிக்குப்பா, இது மெதுவா போகும்ப்பா என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். நான் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் அவனே சொல்லிவிட்டான். இந்த முறை ரம்புத்தான் சீசன் இல்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அது ஒரு புதன்கிழமை மத்தியானம். நான் சிகாமட்டில் வேறொரு வீட்டிலிருந்து வெளியே வந்து காடியில் ஏறிக்கொண்டிருந்தேன். சரவணனின் போன் வந்தது. குரல் அமைதியாக இருந்தது. அப்பா போய்விட்டார் என்றான். வலி இருந்ததா என்று கேட்டேன், இல்லை என்றான். ஏதாவது பேசினாரா என்று கேட்டேன். இல்லையாம். வாசலில் ஐஸ்கிரீம்காரரின் மோட்டோர் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிருக்கிறது, அத்தை துணி எடுக்கப் பின்னால் போயிருக்கிறார், மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி வந்து, பிறகு வரவில்லை. எது கடைசி மூச்சு என்றுகூடத் தனக்குத் தெரியவில்லை என்றான்.

நான் உடனே வருகிறேன் என்றேன். அவன் போனை வைக்கவில்லை.

"நான் ஒண்ணும் செய்யல மிஸ்ஸி," என்றான். "சும்மா கையப் பிடிச்சிக்கிட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன்."